நன்றிப் பக்கத்திலிருந்து திரும்பி வந்த பெயர்

இந்தக் குழந்தைக்காக எங்கள் சபையார் ஏற்கெனவே ஒரு முறை ஆண்டவருக்கு நன்றி சொல்லிவிட்டார்கள். கைதட்டினார்கள், பாடினார்கள், சிலர் அழுதார்கள். அவளுடைய நெஞ்சுக்குள் உண்மையில் என்ன இருந்தது என்பது அதற்குப் பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. ஆகவே இது இரண்டாவது சாட்சி. முதல் சாட்சியைவிட நீளமானது, பொறுத்துக்கொள்ளுங்கள். மாதம், வாரம், கிழமை எல்லாம் சரியாக இருக்க வேண்டும் என்று நினைக்கிறவன் நான். நடந்ததை நடந்த வரிசையில் சொன்னால்தான் ஆண்டவர் எந்த இடத்தில் கைவைத்தார் என்பது விளங்கும்.

போன வருடம் லெந்து காலத்தின், அதாவது உயிர்த்தெழுந்த ஞாயிறுக்கு முந்தைய தவக்காலத்தின், இரண்டாம் வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை. என் மனைவி ஷீபாவுக்கு ஐந்தாம் மாதம். திருமணமாகி ஏழு வருடம் காத்திருந்து தரித்த பிள்ளை. ஐந்தாம் மாத ஸ்கேனுக்குப் போயிருந்தோம். ஸ்கேன் எடுத்த டாக்டரம்மா முதலில் கலகலவென்று பேசிக்கொண்டிருந்தார். இதோ கை, இதோ பாதம், இதோ பாருங்க விரலைச் சூப்புது என்று காட்டினார். நெஞ்சுப் பகுதிக்கு வந்ததும் பேச்சு நின்றுவிட்டது. கருவியை வயிற்றின் மேல் அதே இடத்தில் வைத்துச் சாய்த்தும் திருப்பியும் பார்த்துக்கொண்டே இருந்தார். ஷீபா என் கையைத் தேடிப் பிடித்தாள்.

"இதயம் கொஞ்சம் தள்ளி இருக்கு" என்றார் கடைசியில். "பக்கத்துல ஏதோ ஒண்ணு தள்ளுற மாதிரி."

திரையில் இடது நுரையீரலின் கீழ்ப்பகுதியைக் காட்டினார். வெள்ளையாக ஒரு திட்டு. அதற்குள் சிறிதும் பெரிதுமாகக் கறுப்பு வட்டங்கள். நுரையீரல் உருவாகும்போதே அந்தப் பகுதி சரியாக வளராமல், மூச்சுக்கு உதவாத பைகளின் கூட்டமாகிவிட்டது என்று விளக்கினார். பெருத்தால் இதயத்தை அழுத்தும், குழந்தையின் உடம்பில் நீர் கோக்கும், வயிற்றிலேயே இழக்கவும் நேரலாம். பெருக்காமல் நின்றுவிட்டால் பிறந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம். அதுவரை அடிக்கடி ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டும்.

ஷீபா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "நான் எதாவது சாப்பிட்டதால ஆச்சா டாக்டர்?"

"இல்லம்மா. நீங்க எதுவும் பண்ணல. யாரும் எதுவும் பண்ணல."

லிங்கராஜபுரத்தில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு ஆட்டோவில் திரும்பினோம்.

என் வேலையைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். ஹெப்பகோடியில், வண்டிகளுக்கான அலுமினிய பாகங்களை வார்க்கும் ஒரு கம்பெனியில் தரப் பரிசோதனைப் பிரிவில் இருக்கிறேன். உருக்கிய உலோகம் அச்சுக்குள் இறுகும்போது சில சமயம் காற்று மாட்டிக்கொள்ளும். வெளியே பளபளவென்று இருக்கும். உள்ளே குழி குழியாக இருக்கும். எக்ஸ்ரே அறையில் படம் பிடித்து அந்தக் குழிகளைத் தேடுவதுதான் என் வேலை. குழி உள்ளதைச் சிவப்புப் பெட்டியில் போட்டுவிடுவோம். மறுபடி உருக்கிவிடுவார்கள். மறுநாள் வேலைக்குப் போனேன். அந்தச் சிவப்புப் பெட்டியைப் பார்த்ததும் கையிலிருந்த வேலையை அப்படியே விட்டுவிட்டேன். கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். ஆண்டவரே, என் பிள்ளையை அந்தப் பெட்டியில் போட்டுவிடாதேயும் என்று கெஞ்சினேன். வேறு ஜெபம் எதுவும் என் வாயில் வரவில்லை.

எங்கள் ஆலயத்தின் வராந்தாவில் பச்சைத் துணி போர்த்திய ஒரு பலகை உண்டு. இடது பக்கத்தில் 'விண்ணப்பம்' என்றும் வலது பக்கத்தில் 'ஸ்தோத்திரம்', அதாவது நன்றி, என்றும் எழுதியிருக்கும். யாருக்காக ஜெபிக்க வேண்டுமோ அவர்கள் பெயரைச் சிறு அட்டையில் எழுதி இடது பக்கத்தில் குண்டூசியால் குத்துவோம். ஜெபம் கேட்கப்பட்டதும் வலது பக்கத்துக்கு மாற்றுவோம். உபவாசக் கூட்டத்திலும் வீட்டுக் கூட்டங்களிலும் இடது பக்கத்துப் பெயர்களைச் சொல்லித்தான் ஜெபிப்பார்கள். சபைச் செயலாளர் என்ற முறையில் அந்தப் பலகை என் பொறுப்பு. ஞாயிறு ஆராதனையில் அறிவிப்புகளை வாசிப்பதும் நான்தான். அந்த வாரம் என் கையாலேயே 'ஷீபாவின் குழந்தை' என்று எழுதி இடது பக்கத்தில் குத்தினேன். குத்தும்போது ஊசி என் விரலிலும் ஏறிவிட்டது.

சபை ஜெபித்தது. அதை எப்படிச் சொல்வது! பெண்கள் ஐக்கிய சங்கத்தின் செயலாளர் சுகந்தி அக்கா எங்கள் தெருவிலேயே இருப்பவர். குரல் பெரிது, மனசு அதைவிடப் பெரிது. வெள்ளிக்கிழமைதோறும் எங்கள் வீட்டுக்கு வந்து ஷீபாவின் தலையில் கைவைத்து ஜெபிப்பார். முடிந்ததும், "சரி, அழுதது போதும். எந்திரிச்சு ரசம் சாப்பிடு. உள்ள இருக்கறதுக்கும் பசிக்கும்ல" என்று அதட்டுவார். தான் வைத்த ரசத்தைத் தூக்குப் பாத்திரத்திலேயே கொண்டுவந்திருப்பார்.

திட்டு பெருக்கவில்லை. உயிர்த்தெழுந்த ஞாயிறுக்குப் பிறகு எடுத்த ஸ்கேனில் அப்படியே நின்றிருந்தது. மே மாதம் கொஞ்சம் சுருங்கியதுபோல் இருந்தது. இதயம் தன் இடத்துக்கு நகர ஆரம்பித்திருந்தது. ஜூன் மாதம், பள்ளிக்கூடங்கள் திறந்த வாரத்தில் எடுத்த ஸ்கேனில் டாக்டரம்மா வெகுநேரம் தேடினார். பிறகு, "எனக்கு இப்ப அது தெரியலையே" என்றார்.

ஷீபா அந்தப் படுக்கையிலேயே கண்ணை மூடி ஸ்தோத்திரம் சொல்ல ஆரம்பித்துவிட்டாள். டாக்டரம்மா புன்னகைத்தார். ஆனால் இன்னொன்றும் சொன்னார். "சந்தோஷமான விஷயம்தான். ஆனா போயிடுச்சுன்னு இப்பவே சொல்ல முடியாது. மாசம் ஆக ஆக, சுத்தி இருக்கிற நல்ல நுரையீரலும் ஸ்கேன்ல வெளுப்பாத் தெரிய ஆரம்பிக்கும். காலைப் பனியில வெள்ளைக் கார் தெரியாதில்ல? கார் அங்கதான் நிக்கும். பொறந்தப்புறம் கண்டிப்பா சி.டி. எடுத்துப் பாக்கணும்."

இதை நானும் கேட்டேன், ஷீபாவும் கேட்டாள். வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது எங்கள் இருவரிடமும் அந்த முதல் பாதிதான் மிஞ்சியிருந்தது. தெரியவில்லை என்றாரே! அது போதாதா?

ஜூலை மத்தியில், ஒரு வியாழக்கிழமை காலை, கிருபா பிறந்தாள். பிறந்ததும் வீரிட்டு அழுதாள். அந்தச் சத்தத்துக்காகவே நான் வெளியே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன். மறுநாள் நெஞ்சை எக்ஸ்ரே எடுத்தார்கள். படம் சுத்தமாக இருந்தது. "இப்போதைக்கு நல்லா இருக்கா. ஆனா இந்தப் படத்துல எல்லாம் தெரியாது. மூணு நாலு மாசத்துல சி.டி. எடுத்துருங்க" என்று குழந்தை டாக்டர் சொல்லி அனுப்பினார்.

ஆகஸ்ட் கடைசி ஞாயிறு. ஷீபா குழந்தையோடு முதல்முறையாக ஆலயத்துக்கு வந்த நாள். எங்கள் சபை வழக்கப்படி அன்றைக்குத் தாய் பீடத்துக்கு முன்னால் நின்று சாட்சி சொல்ல வேண்டும். ஷீபா பேச்சாளி அல்ல. பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். ஆனால் அன்றைக்குப் பேசினாள். "டாக்டருங்க கண்ணுக்கே தெரியாம கர்த்தர் அதை எடுத்துப் போட்டுட்டார்" என்றாள். சபை எழுந்து நின்றது. ஆராதனை முடிந்ததும் சுகந்தி அக்கா அட்டையை இடது பக்கத்திலிருந்து பிடுங்கி வலது பக்கத்தில் குத்தினார். 'ஷீபாவின் குழந்தை' என்பதை அடித்துவிட்டு 'கிருபா' என்று நான் பெரிதாக எழுதிக் கொடுத்திருந்தேன். எல்லாரும் போட்டோ எடுத்தார்கள்.

நன்றி சொன்னது தவறு என்று நான் இன்றைக்கும் நினைக்கவில்லை. திட்டு பெருக்காமல் நின்றதே பெரிய இரக்கம். ஆனால் அந்த அட்டை வலது பக்கம் போனதும் நடந்தது என்னவென்றால், கிருபாவுக்காக ஜெபிப்பதைச் சபை நிறுத்திவிட்டது. நாங்களும் நிறுத்திவிட்டோம். வலது பக்கத்துக்குப் போன பெயரை யார் ஜெபத்தில் சொல்வார்கள்?

செப்டம்பர் மூன்றாம் வாரம் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. சி.டி. ஸ்கேனுக்கு எந்த நாள் வைக்கலாம் என்று கேட்டார்கள். யோசித்துச் சொல்கிறேன் என்று ஷீபா வைத்துவிட்டாள். அன்று மாலை நான் வந்ததும் சொன்னாள்.

"வேணாங்க. அத்தனை பேர் முன்னாடி நின்னு சொல்லியிருக்கேன். இப்பப் போய் மெஷின்ல செக் பண்ணா என்ன அர்த்தம்?"

"டாக்டர் ஆரம்பத்துலேர்ந்தே சொல்றாங்களே ஷீபா."

"கர்த்தர் பாதி வேலை பண்ணுவாரா?"

எனக்குத் தெரிந்ததெல்லாம் அலுமினியம்தான். ஒரே கோணத்தில் எடுத்த ஒரே படத்தை வைத்து ஒரு பாகத்தைக்கூட நான் நல்லது என்று அனுப்பியதில்லை. நேர்ப் படத்தில் மறைந்துகொள்ளும் குழி, பாகத்தைத் திருப்பி எடுத்தால் தெரிந்துவிடும். என் மகளை மட்டும் ஒரே படத்தில் தேற்றிவிட்டோமே என்ற எண்ணம் முள்ளாக உறுத்தியது.

சுகந்தி அக்காவிடம் ஷீபா சொல்லியிருக்க வேண்டும். அடுத்த நாள் தூக்கோடு வந்தவர் என்னைப் பிடித்துக்கொண்டார். "ஏன் தம்பி, சாட்சி சொன்ன வாய் இன்னும் காயல, அதுக்குள்ள சி.டி.யா? பால்குடி புள்ளைக்கு ஊசி போட்டு, மருந்து ஏத்தி, அந்தக் குகைக்குள்ள தள்ளி... நல்லா இருக்கற புள்ளைய நோயாளி ஆக்காதீங்க."

"நல்லா இருந்தா படத்துலயும் நல்லாத்தானேக்கா இருக்கும்?"

"வாய் மட்டும் நல்லா வளர்த்து வெச்சிருக்கீங்க. சபையில அறிவிப்பு வாசிக்கும்போது மட்டும் தூக்கம் வருது எங்களுக்கு." சிரித்துவிட்டுத்தான் போனார். ஆனால் கோபம் இருந்தது.

செப்டம்பர் போனது. அறுப்பின் பண்டிகை வந்து போனது. கிருபா கொழுகொழுவென்று இருந்தாள், குப்புறக் கவிழப் பார்த்தாள். அவளைப் பார்க்கிற யாருக்கும் சி.டி. என்ற வார்த்தையே பைத்தியக்காரத்தனமாகத் தோன்றும். நான் படித்த இடங்களில் எல்லாம் வேறு மாதிரி எழுதியிருந்தது. அந்தப் பைகள் உள்ளே இருந்தால் ஒருநாள் சளி பிடித்துச் சீழ் கோக்கலாம். அப்படி ஆன பிறகு அறுவை செய்வது கடினம். படித்ததை ஷீபாவிடம் சொல்லவும் பயம், சொல்லாமலிருக்கவும் பயம்.

அக்டோபர் கடைசி ஞாயிறு. மத்தியானம் நல்ல மழை. கரண்ட் இல்லை. கிருபா எங்கள் நடுவில் தூங்கிக்கொண்டிருந்தாள். ஷீபா அவளுடைய நெஞ்சில் விரல்களை வைத்து, அது ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பார்வையை எடுக்காமலே சொன்னாள்.

"எனக்கு அவிசுவாசம் இல்லைங்க. எனக்குப் பயம். இருக்குன்னு சொல்லிட்டாங்கன்னா?"

"எனக்கும்தான்" என்றேன்.

ஐந்து வாரத்துக்கு மேலாக நாங்கள் விசுவாசத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். அது அல்ல விஷயம். இருவரும் ஒரே பயத்தை ஆளுக்கொரு பக்கமாகப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தோம். முழங்காலில் நின்றோம். ஷீபாதான் ஜெபித்தாள். வழக்கம்போல, "சுகம் தந்ததற்காக ஸ்தோத்திரம்" என்று ஆரம்பித்தாள். அந்த வாக்கியம் பாதியில் நின்றது. பிறகு அவள் வாயிலிருந்து வேறு வார்த்தை வந்தது.

"ஆண்டவரே, காட்டும். இருந்தா காட்டும். இல்லன்னாலும் காட்டும். எங்களுக்குத் தெரியாம வெச்சிராதேயும்."

ஆமென் என்றோம். மறுநாள் காலை ஆஸ்பத்திரிக்கு அவளே போன் செய்தாள். கிறிஸ்து பிறப்புக்கு முந்தைய ஆகமன காலத்தின் முதல் வாரம், வியாழக்கிழமை என்று நாள் குறித்தார்கள்.

அடுத்த புதன்கிழமை பெண்கள் சங்கக் கூட்டம். அன்றைக்கு நான் மத்தியான ஷிப்ட்டை வேறொருவரிடம் மாற்றிக்கொண்டு அவளை அழைத்துப் போயிருந்தேன். போதகர் வராந்தாவில் நின்றிருந்தார். வலது பக்கத்திலிருந்து ஒரு பெயரை இடது பக்கத்துக்கு மாற்றலாமா என்று நான் தயங்கித் தயங்கிக் கேட்டேன். இத்தனை வருடத்தில் அப்படி ஒரு முறைகூட நடந்ததில்லை. பலகை எனக்குத் தெரியும்.

"இதுக்கு ஒரு சட்டமும் இல்லையே பிரதர்" என்றார் அவர். "குண்டூசிதானே?"

ஷீபா குழந்தையை என்னிடம் கொடுத்துவிட்டுப் பலகைக்குப் போனாள். பெண்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். 'கிருபா' என்ற அட்டையைப் பிடுங்கினாள்.

"ஏய் ஷீபா, என்னடி பண்ற?" சுகந்தி அக்காவின் குரல் ஆலயத்துக்குள்ளும் கேட்டிருக்கும்.

"சுகமான குஷ்டரோகியையே, போய் ஆசாரியனுக்கு உன்னைக் காட்டுன்னு ஆண்டவர் அனுப்பினார் இல்லக்கா? நானும் காட்டத்தான் போறேன்." அட்டையை இடது பக்கத்தில் குத்தினாள். "அதுவரைக்கும் நீங்க ஜெபம் பண்ணணும். நிறுத்திட்டீங்க எல்லாரும்."

சுகந்தி அக்கா ஷீபாவையே பார்த்தார். பிறகு புடவைத் தலைப்பை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டு, அந்த வராந்தாவிலேயே, சிமெண்டுத் தரையிலேயே முழங்காலிட்டு உட்கார்ந்தார். மற்ற பெண்களும் உட்கார்ந்தார்கள். நான் கிருபாவைத் தூக்கிக்கொண்டு வேப்பமரத்தடிக்குப் போய்விட்டேன். என் கண் நிறைந்துவிட்டது.

சி.டி. எடுக்கும் நாள். மயக்க மருந்து கொடுக்காமலேயே எடுக்கலாம் என்றார்கள். பசியோடு வைத்திருந்து, கடைசி நேரத்தில் பால் கொடுத்து, துணியில் இறுக்கிச் சுற்றினால் குழந்தை தானே தூங்கிவிடும். படம் பிடிப்பது சில நொடி வேலை. ஆனால் அந்தச் சில நொடி அசையக் கூடாது. ரத்தக் குழாய்கள் தெரிவதற்காக மருந்து ஏற்ற, கையில் ஊசியை முன்பே செருகினார்கள். கிருபா ஆஸ்பத்திரியே அதிரக் கத்தினாள். "அளபேட புட்டி, அளபேட", அழாதே செல்லம் என்று நர்ஸ் கன்னடத்தில் கொஞ்சிக் கொஞ்சிச் சமாதானம் செய்தார். பால் குடித்தாள். சுற்றினோம். தூங்கவேண்டியதுதானே? விளக்கைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்! ஷீபா தட்டினாள், ஆட்டினாள், பாடினாள். கிருபாவுக்கு எல்லாமே விளையாட்டாக இருந்தது.

டெக்னீஷியன் இரண்டு முறை எட்டிப் பார்த்தார். "தூங்கலன்னா இன்னைக்கு முடியாது சார். மயக்க டாக்டரை வெச்சு வேற நாள்தான் பண்ணணும்."

ஷீபா கண்ணை மூடினாள். உதடு அசைந்தது. சட்டென்று கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள்.

"ஏங்க. அறிவிப்பு வாசிங்க."

"என்ன?"

"ஞாயித்துக்கிழமை நீங்க அறிவிப்பு வாசிக்கும்போதுதானே இவ எப்பவும் தூங்குவா? வாசிங்க!"

உண்மைதான். பாட்டுக்கும் பிரசங்கத்துக்கும் முழித்திருப்பவள், நான் மைக்கைப் பிடித்ததும் தூங்கிவிடுவாள். சபையில் அது பெரிய கேலி. நான் குனிந்து, ஞாயிற்றுக்கிழமைக் குரலில் ஆரம்பித்தேன். "சபையாருக்கு அறிவிப்புகள். வருகிற புதன்கிழமை மாலை ஆறு மணிக்குப் பெண்கள் ஐக்கிய சங்கக் கூட்டம் நடைபெறும். வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம். கிறிஸ்து பிறப்புப் பாடல் பவனி லிங்கராஜபுரம் பகுதியில் சனிக்கிழமை தொடங்கும். வீட்டு முகவரி தர விரும்புவோர் செயலாளரிடம் தரவும். பாடகர் குழு ஒத்திகைக்குத் தாமதமாக வருவதைத் தவிர்க்கவும்..."

நர்ஸ் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். கிருபாவின் இமை கனத்தது. நான் நிறுத்தவில்லை. "ஜெபக் குறிப்புகள். கீழ்க்கண்டவர்களுக்காக ஜெபித்துக்கொள்ளவும். குழந்தை கிருபா..." மேலே வாசிக்க முடியவில்லை. வாசிக்க வேண்டியும் இருக்கவில்லை. அவள் தூங்கிவிட்டாள்.

ஷீபா கதிர் தடுக்கும் கவசத்தை மாட்டிக்கொண்டு உள்ளே போனாள். நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றேன். மேடை நகர்ந்தது, நின்றது. அவ்வளவுதான். கிருபா ஒரு விரலைக்கூட அசைக்கவில்லை.

திரையில் படங்கள் ஒன்றின் பின் ஒன்றாக ஓடின. பார்க்கக் கூடாது என்று நினைத்தேன். ஆனால் இருபது வருடமாகக் குழிகளைத் தேடிய கண் சும்மா இருக்குமா? இடது நுரையீரலின் அடியில், கறுப்புக் கறுப்பாக, மெல்லிய சுவர்களோடு, ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு... எனக்குத் தெரிந்துவிட்டது. வெள்ளைக் கார் அங்கேயேதான் நின்றிருந்தது.

ஷீபா கவசத்தோடு வெளியே வந்தாள். என் முகத்தைப் பார்த்தாள். "இருக்கா?"

"இருக்கு."

விழுந்துவிடுவாள் என்று நினைத்து ஓரடி முன்னால் வைத்தேன். அவள் விழவில்லை. கவசத்தைக் கழற்றிக் கொக்கியில் மாட்டினாள். "காட்டிட்டார்" என்றாள். அழுதுகொண்டேதான் சொன்னாள், ஆனால் அந்தக் குரலில் ஏமாற்றம் இல்லை. கேட்டது கிடைத்தவளின் குரல் அது.

பெரிய விஷயம் பிறகுதான் தெரிந்தது. படங்களைப் படித்த டாக்டர் எங்களை உட்கார வைத்து, ஒரு வெள்ளைக் கோட்டை விரலால் பின்தொடர்ந்து காட்டினார். சாதாரணமாக நுரையீரலுக்குப் போகும் ரத்தக் குழாய் அல்ல அது. உடம்பின் பெரிய தமனியிலிருந்து நேராகப் பிரிந்து, உதரவிதானத்துக்குக் கீழேயிருந்து ஏறி, அந்தப் பைகளுக்குள் போய்க்கொண்டிருந்தது. "இது வேற எந்தப் படத்துலயும் தெரிஞ்சிருக்காது. இது இருக்குன்னு தெரியாம சர்ஜன் உள்ள போயி, தவறி இது அறுந்துச்சுன்னா, அவ்வளவு சின்ன உடம்பு தாங்காது. இப்ப தெரிஞ்சுபோச்சு. இனிமே பயமில்லை" என்றார்.

நாங்கள் வேண்டாம் என்று இருந்திருந்தால்? ஒருநாள் சீழ் பிடித்து, காய்ச்சலோடு அள்ளிக்கொண்டு ஓடி, அவசரத்தில் யாரோ நெஞ்சைத் திறந்திருந்தால்? அந்த எண்ணத்தை நான் இன்றுவரை முழுதாக எண்ணி முடித்ததில்லை.

ஜனவரி மூன்றாம் வாரம், திங்கட்கிழமை, அறுவை. கிருபாவுக்கு ஆறு மாதம் நிறைந்திருந்தது. அதே நேரத்தில் ஆலயத்தில் பெண்கள் உபவாசம் இருந்தார்கள்; கூட்டியவர் சுகந்தி அக்கா. ஆஸ்பத்திரிக் காரிடாரில் நானும் ஷீபாவும் கையைக் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அவள் மடியில் கிருபாவின் காலுறை ஒன்று இருந்தது. உள்ளே கொண்டுபோகும்போது கழன்று விழுந்தது. மத்தியானம் சர்ஜன் வெளியே வந்தார். முகமூடியைக் கீழே இழுத்தபோது சிரித்துக்கொண்டிருந்தார்.

"சின்னத் துளைகள் வழியாவே முடிச்சிட்டோம். அந்த ரத்தக் குழாய் எங்க இருக்குன்னு படம் பார்த்து மனப்பாடம் பண்ணிட்டுத்தான் போனேன். சரியா அதே இடம். முதல்ல அதைத்தான் கட்டினோம். ரத்தமே போகல. கெட்ட பகுதி மொத்தமும் வெளிய வந்துடுச்சு. மிச்ச நுரையீரல் வளர்ந்து அந்த இடத்தை எடுத்துக்கும். குழந்தைங்களுக்கு அந்த வரம் உண்டு."

ஷீபா அந்தக் காலுறையை முகத்தில் வைத்துக்கொண்டாள். நான் காரிடார் என்றும் பார்க்காமல் முழங்காலில் விழுந்தேன். பக்கத்தில் காத்திருந்த ஒரு முஸ்லிம் பெரியவர் என்னைத் தூக்கிவிட்டு, ஒன்றும் கேட்காமல் என் முதுகைத் தடவிக் கொடுத்தார்.

அந்த வாரமே வீட்டுக்கு வந்தோம். விலாவில் சின்னச் சின்னத் தழும்புகள்; குளிப்பாட்டும்போது தேடினால்தான் தெரியும். இந்த லெந்து காலத்தில், முதல் ஸ்கேன் எடுத்து ஒரு வருடம் ஆன அதே வாரத்தில், மறுபடி எக்ஸ்ரே எடுத்தார்கள். நுரையீரல் விரிந்து அந்த இடத்தை நிரப்பியிருந்தது. படத்தை நான் கையில் வாங்கி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். என் வாழ்க்கையில் நான் பார்த்ததிலேயே அழகான படம் அதுதான்.

உயிர்த்தெழுந்த ஞாயிறு அன்று ஷீபா மறுபடி பீடத்துக்கு முன் நின்றாள். "போன தடவை டாக்டருங்க கண்ணுக்குத் தெரியாம கர்த்தர் எடுத்துட்டார்னு சொன்னேன். இந்தத் தடவை சொல்றேன், டாக்டருங்க கண்ணுக்குத் தெரியவெச்சு எடுத்தார்" என்றாள். சபை எழுந்து நின்றது. அன்றைக்குக் கேட்ட கைதட்டலை நான் முன்பு கேட்டதில்லை.

ஆராதனை முடிந்து 'கிருபா' அட்டையை நானே வலது பக்கத்தில் குத்தினேன். இந்த முறை ஊசி விரலில் ஏறவில்லை. திரும்பிப் பார்த்தால் பின்னால் சுகந்தி அக்கா நின்றிருந்தார். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, வலது பக்கத்தின் மேல் மூலையிலிருந்து மங்கிப்போன ஓர் அட்டையைப் பிடுங்கினார். அவருடைய பெயர். சர்க்கரை வியாதி சுகமாயிற்று என்று வெகுகாலத்துக்கு முன் சாட்சி சொன்னவர். அதன் பிறகு ரத்தம் பார்க்கப் போகவே இல்லை. பாதத்தில் எரிச்சல் என்று சில மாதமாக நொண்டிக்கொண்டிருந்ததை நாங்கள் பார்த்தோம், கேட்கவில்லை.

"என்ன தம்பி பாக்குறீங்க? திரும்பிக்கோங்க" என்றார். இடது பக்கத்தில் குத்திவிட்டு, "நாளைக்குக் காலையில டெஸ்டுக்குப் போறேன். ஷீபாவை வரச் சொல்லுங்க. எனக்கு ஊசின்னா பயம்" என்றார். அடுத்த சில ஞாயிறுகளில் இன்னும் சில பெயர்கள் திரும்பி வந்தன. யாரும் ஏன் என்று கேட்கவில்லை. ஜெபித்தார்கள்.

இதை வாசிக்கிற உங்களுக்கும் அப்படி ஓர் அட்டை இருக்கலாம். சாட்சி சொல்லிவிட்டோமே, இனி எப்படிக் கேட்பது என்று மூடி வைத்திருக்கலாம். ஆண்டவர் வெளிச்சத்துக்குப் பயப்படுகிறவர் அல்ல. காட்டும் என்று கேளுங்கள். போய்க் காட்டுங்கள். அவர் எங்களுக்குச் செய்தது இதுதான்.

கிருபா இப்போது தவழ்கிறாள். என் அறிவிப்புகளுக்குத் தூங்குவதை நிறுத்திவிட்டாள். உயிர்த்தெழுந்த ஞாயிறு அன்று நான் மைக்கைப் பிடித்து, "சபையாருக்கு அறிவிப்புகள்" என்றதும், பின்வரிசையில் ஷீபாவின் மடியிலிருந்து ஒரு கூச்சல் எழுந்தது. ஆலயத்தின் கூரைவரை போய் இடித்தது. எல்லாரும் சிரித்தார்கள், போதகரும் சிரித்தார். நான் காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, அவள் முழு மூச்சையும் கத்தித் தீர்க்கும்வரை நின்று கேட்டேன்.